சிக்கனத்தை எங்கே நிறுத்துவது? (ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம், நாலு பேர் வீடு)

கேள்வி: கரைவீட்டுக்காரி

விசைப்படகு வருமானத்தில் ஓடும் வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தைக் கையிருப்பை வைத்துத்தான் தாண்ட வேண்டும். அதற்காக வீட்டில் யோசித்து வைத்திருப்பவை இவை:

ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஃபிரிட்ஜை அணைப்பது. குடம் 10 ரூபாய்க்கு வாங்கும் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும், சமையலுக்கு வீட்டு போர் தண்ணீர். கேஸுக்குப் பதில் சீமைக்கருவேல விறகு, மழை நாளில் அடுப்படிக்குள் கரி. கேஸ் டியூப்புக்கு ஏழு வருடம் ஆகிறது, விரிசல் இல்லாததால் அப்படியே விடுவது. பொரித்த எண்ணெயைத் தீரும்வரை ஓட்டுவது. மாமியாரின் பிரஷர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள்.

எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது? காரணத்தோடு சொன்னால் வீட்டில் பேச வசதியாக இருக்கும்.

பதில் 1: காரல்பொடி

ஃபிரிட்ஜை மட்டும் தொடாதீர்கள் அக்கா. முதலில் காசுக் கணக்கு: கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். 180 என்றால் ஒரு பில்லுக்கு 30 யூனிட். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அணைத்தால் மிஞ்சிப்போனால் 10 யூனிட் குறையும். அதிலும் பாதியைக் காலையில் கம்ப்ரசர் விடாமல் ஓடித் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் மீன். சூரை, கானாங்கெழுத்தி, சாளை மாதிரி மீன்கள் குளிர் விட்டுப்போனால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் ஊறும். நாற்றம் வருவதற்கு முன்பே ஊறிவிடும், கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது, மறுபடி ஐஸில் போட்டாலும் குறையாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி சுரீரென்றால் துப்பிவிட வேண்டும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலிப்பது இதனால்தான். "மீன் ஒத்துக்கல" என்று நாம் சொல்லுவதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

காசு மிச்சம் வேண்டுமென்றால் தடைக்கு முன்னாலேயே கருவாடு போட்டு வையுங்கள். குடல் எடுத்துக் கழுவிய மீன் நாலு கிலோவுக்குக் கல்லுப்பு ஒரு கிலோ. மீன் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. மேலே பாரம் வைத்து ஒரு ராத்திரி. ஊறிய தண்ணீரை வடித்து, லேசாக அலசி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வலை கட்டி அதில் காயப்போடுங்கள். மணலில் காயப்போட்டால் மணலும் ஒட்டும், நாய் கோழியும் மிதிக்கும், அடிப்பக்கம் ஈரமாகவே நிற்கும். சாயங்காலம் பனி இறங்குமுன் எடுத்து மூடிவிட வேண்டும். காரல், நெத்திலி சீக்கிரம் காயும். கனமான மீனுக்கு முதுகைக் கீறிவிடாவிட்டால் நடுச்சதை காயாது. முழுசாகக் காயாததை டப்பாவில் அடைத்தால் செம்மை படரும், அதைத் தின்னக் கூடாது. வண்டு வராமலிருக்கப் பூச்சி மருந்து அடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம், நன்றாகக் காய்ந்து காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் வண்டு வராது.

காய்வது கெட்டுப்போன மீனாக இருக்கக் கூடாது. விற்காமல் நாள் முழுக்க வெயிலில் கிடந்த சூரையைக் கருவாடாக்கினால் அந்த ஹிஸ்டமின் கருவாட்டிலும் அப்படியே இருக்கும்.

பதில் 2: மழைத்தொட்டி

தண்ணீர் விஷயத்தில் பாதி சரி, பாதி தப்பு.

நம்ம பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் உண்டு, கடினத்தன்மையும் உண்டு. அதில் பருப்பு வேகாது. வேகாத பருப்புக்கு எரியும் கேஸ், மிச்சம் பிடித்த குடக் காசைத் தின்றுவிடும். இன்னொன்று, பிரஷர் உள்ளவர் இருக்கும் வீடு உங்களுடையது. உப்புத் தண்ணீர்ச் சோறும் குழம்பும் சேர்த்துக் கொடுத்து மாத்திரையையும் குறைத்தால் இரண்டு பக்கமும் அடி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும்.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) வைத்திருப்பவரிடம் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்திய தர நிர்ணயம். அதற்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் தரை துடைக்க, கக்கூஸுக்கு, பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு. அரிசியையும் முதல் தடவை அதில் களையலாம். கடைசிக் கழுவலும் உலையும் நல்ல தண்ணீரில்.

நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 30 லிட்டர் போதும், அதாவது 15 லிட்டர் குடம் இரண்டு. மாதம் 600 ரூபாய். இதைக் குறைக்க வழி மழைநீர். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடித் தளம் 46 சதுர மீட்டர். சேதாரம் போக 80 சதவீதம் என்று வைத்தாலும் 140 மில்லி மழையில் 5000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை சரியாகப் பெய்தால் இது பெரிய அளவில்லை. நிரம்பிய தொட்டி ஐந்தரை மாதத்துக்கு ஓடும். கார்த்திகைக் கடைசியில் நிரப்பித் தடைக்காலத்துக்கென்று ஒதுக்கிவைத்தால் அந்த 61 நாளும் குடம் வாங்க வேண்டாம்.

கடலோர மாடியில் உப்புப் படிந்து கிடக்கும். அதனால் சீசனின் முதல் மழையை முழுசாக வெளியே விடுங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்கும் முதல் 100 லிட்டரைத் திருப்பிவிட ஒரு 'T' வடிவக் குழாயும் வால்வும் போதும். தொட்டி வாயிலும் வழிகுழாயிலும் நைலான் கொசுவலையை இறுக்கிக் கட்டாவிட்டால் டெங்கு கொசு அங்கேதான் முட்டை போடும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், கறுப்புத் தொட்டி நல்லது. குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதில் 3: உச்சிப்புளி வெல்டர்

டியூப்பை இன்றைக்கே மாற்றுங்க. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஆரஞ்சு சுரக்ஷா டியூப்புக்கு ஆயுள் ஐந்து வருடம், மேலேயே வருடம் அச்சடித்திருக்கும். வெளியே விரிசல் இல்லாதது ஒரு கணக்கே இல்லை. உள்ளே கம்பி வலை இருக்கிறது. உப்புக் காற்று நுழைவது கிளாம்ப் இறுக்கும் இரு முனைகளில்தான். துருவும் அங்கேதான் பிடிக்கும். மாற்றியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்க, தீக்குச்சி வைத்துப் பார்க்காதீங்க.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடிப் பட்டையில் எழுத்தும் எண்ணும் பாருங்க. B-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் சோதனைக்குப் போக வேண்டியது. ஏ, பி, சி, டி என்பது மூன்று மூன்று மாதம். கெடு முடிந்ததைத் திருப்பி அனுப்பலாம்.

கேஸை மிச்சம் பிடிக்க பர்னரைக் கவனிங்க. தீ மஞ்சளாக எரிந்தால் கேஸ் வீண், பாத்திரமும் கரி. கடலோரத்தில் துளைகள் உப்பிலும் துருவிலும் சீக்கிரம் அடையும். வாரம் ஒருமுறை கழற்றி ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்க.

விறகு தாராளமாக எரிக்கலாம், ஆனால் வெளியே. குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, கிழங்கு வேகவைப்பது எல்லாம் முற்றத்து அடுப்பில். வெட்டி இரண்டு மாதமாவது காய்ந்த கட்டையாக இருக்கணும், பச்சைக் கட்டை புகையத்தான் செய்யும்.

கரி மட்டும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டம் போட்ட கரி மலிவாகக் கிடைக்கும், புகையும் இல்லை. ஆபத்தே அந்தப் புகையில்லாததுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மழைக்குக் கதவடைத்த அடுப்படியில் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டாங்க.

கரைவீட்டுக்காரி

ரொம்ப நன்றி அண்ணே. கரி யோசனையை விட்டாச்சு. எண்ணெயும் மாத்திரையும் பாக்கி. கரண்டில் வேறெங்கே குறைக்கலாம்?

பதில் 4: கீழக்கரை லாத்தா

மாத்திரையைக் குறைக்காதீங்கமா. ஒருநாள் விட்டால் பிரஷர் ஏறும், வெளியே ஒன்றும் தெரியாது. காசுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்க. வெளியில் வாங்குவதென்றால் முதல்வர் மருந்தகத்தில் அதே மருந்தின் ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாதது) கேளுங்க.

எண்ணெய்: கொஞ்சமாக ஊற்றி, வடிகட்டி, இரண்டாம் தடவை தாளிக்க எடுத்துத் தீர்த்துவிடுங்க. நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ, சூடாகும் முன்பே புகைந்தாலோ முடிந்தது. மீன் பொரித்தது இன்னும் சீக்கிரம் கெடும்.

பதில் 5: இரண்டு மாத பில்

கரண்டில் இறங்க வேண்டிய இடம் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், கரண்டு குறைவாக எடுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், ஃபிரிட்ஜ் முழுசாக எடுப்பதைவிட அதிகம். பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான சலுகையும் போய்விடும். கோடையில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கணும்.

புது ஃபேன் இப்போது முடியாதென்றால், மெதுவாகச் சுற்றும் பழைய ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மாற்றுங்கள். காற்று திரும்பிவிடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஃபேன் வேலைக்கு முன்பே அதை மாட்டுங்கள், உப்பேறிய சுவரில் கரண்டுக் கசிவு சகஜம்.