ஏலத்துல கடைசி செகண்ட்ல பிட் (நாம கேக்கற விலை) போடுறது நல்லதா, இப்பவே போட்டு வெச்சிடலாமா?

வண்ணை லென்ஸ்:
வணக்கம் நண்பர்களே, நான் பழைய வண்ணாரப்பேட்டை, கல்யாண போட்டோ வேலை. ஈபேங்கற ஆன்லைன் ஏல சைட்ல ஒரு ஹீலியோஸ் 44-2 ஏலத்துல கீது, பழைய சோவியத் லென்ஸ், 58 எம்எம், பின்னாடி இருக்கிற இலை வெளிச்சம் எல்லாம் சுழலற மாதிரி வரும்ல, அதே தான். இப்ப 31 டாலர்ல நிக்குது, முடிய ரெண்டு நாள் இருக்கு. நான் 60 வரைக்கும் போவேன். கூட வேலை செய்ற தம்பி, இப்ப தொடாதண்ணா கடைசி அஞ்சு செகண்ட்ல போடுங்கறான். எனக்கு இன்னா புரியலன்னா, ஈபே தான் நம்ம மேக்ஸிமத்த ரகசியமா வெச்சுக்கிட்டு தேவைக்கு மட்டும் அதுவே ஏத்துதே, அப்புறம் எப்ப போட்டா இன்னா?

காசிமேடு காத்து:
சரியான கேள்வி ப்ரோ. கணக்குப்படி நீங்க சொல்றது தான் உண்மை. நீங்க 60 போட்டு அடுத்த ஆளோட மேக்ஸிமம் 45னா, உங்களுக்கு 46க்கு முடியும், அந்த ரேஞ்ச்ல ஒரு ஏத்தம் 1 டாலர். எல்லாரும் தன்னோட உண்மையான விலைய ஒரே தடவ போட்டுட்டு போயிட்டா நேரத்துக்கு மதிப்பே இல்ல.

ஆனா மனுஷன் அப்படி போடுறதில்லையே. 35 போடுவான், உங்கள தாண்டிட்டாங்கன்னு மெசேஜ் வந்ததும் 40, அப்புறம் 45, கைல சூடு ஏற ஏற 58 வரைக்கும் வந்துடுவான். நீங்க இன்னைக்கே போட்டா அவனுக்கு யோசிக்க ரெண்டு நாள் குடுக்கறீங்க. கடைசில போட்டா அவன் 35லயே நின்னுட்டு இருப்பான், மெசேஜ் பாக்கறதுக்குள்ள கடை சாத்தியாச்சு.

நம்ம மீன்பிடி துறைமுகத்துல விடியக்காலம் ஏலம் பாருங்க, அங்க கடிகாரமே கிடையாது. மூணாவது தரம் சொல்ற வரைக்கும் யார் வேணா ஏத்தலாம், ஒருத்தர் ஏத்தினா மறுபடி ஒரு தரத்துல இருந்து ஆரம்பம். அங்க கடைசில குதிச்சு ஒரு லாபமும் இல்ல, எதிராளிக்கு பதில் சொல்ல எப்பவும் வாய்ப்பு இருக்கு. ஈபேல நேரம் தான் சுத்தியல்.

மின்ட் மணிக்கூண்டு:
காத்து சொன்னத ஆராய்ச்சியாவே பண்ணிருக்காங்க. ஆல்வின் ராத் (2012ல பொருளாதார நோபல் வாங்கினவர்), ஆக்ஸல் ஓக்கன்ஃபெல்ஸ் ரெண்டு பேரும் 2002ல ஒரு கட்டுரை போட்டாங்க. அப்ப அமேசான்லயும் ஏலம் இருந்துது, அங்க கடைசி நேரத்துல பிட் வந்தா ஏலம் நீண்டுடும், 10 நிமிஷம் யாரும் போடாம இருந்தா தான் முடியும். ஈபேல அடிச்ச மணிக்கு முடிவு. கடைசி நேர பிட் ஈபேல தான் ரொம்ப அதிகம். எனக்கு பிடிச்ச விஷயம் இது: ஈபேல அனுபவம் கூட கூட ஆளுங்க லேட்டா போடுறாங்க, அமேசான்ல அனுபவசாலிங்க சீக்கிரமே போட்டாங்க. ஆக இது ஆளோட தந்திர புத்தி இல்ல, முடிக்கற ரூல் பண்ற வேலை.

பேங்க்ல ஜப்தி வீடு ஈ-ஏலம் போடுறவங்களுக்கும் இது பழக்கம் தான், கடைசி நிமிஷங்கள்ல யாராவது ஏத்தினா நேரம் தானா நீளும், பெரும்பாலும் 5 நிமிஷம்னு நோட்டீஸ்லயே இருக்கும். அங்க செகண்ட் எண்ணிக்கிட்டு உக்காந்தா வேலைக்காவாது. எந்த ஏலமா இருந்தாலும் முதல்ல எப்படி முடியும்னு படிங்க.

வண்ணை லென்ஸ்:
ரெண்டு பேருக்கும் நன்றி, இப்ப தெளிவாச்சு. அமெரிக்கால ஞாயிறு சாயங்காலம் 7க்கு முடியுது, கலிபோர்னியா நேரம். தானா பிட் போட்டு குடுக்கற சைட்டுங்க இருக்கே, அத நம்பலாமா?

கொடுங்கையூர் கேமரா:
கோடைல அது நமக்கு திங்கள் காலை 7.30 அண்ணா, முழிச்சு தானே இருப்பீங்க, சைட் எதுக்கு? லேட்டா போடுறத ஈபே தடுக்கல, ஆனா அந்த மாதிரி சைட் உங்க அக்கவுண்ட்ட திறக்க பாஸ்வேர்ட் கேக்கும், நான் குடுக்கவே மாட்டேன்.

இன்னொன்னு, அஞ்சு செகண்ட்லாம் வேணாம், நெட் ஒரு தடவ சுத்தினா பிட் போய் சேராது, திரும்ப போடவும் நேரம் இருக்காது. 15 செகண்ட் வெச்சுக்கோங்க, முன்னாடியே லாகின் பண்ணி தொகைய அடிச்சு ரெடியா வையுங்க. 60ன்னு முழுசா போடாம 60.57 மாதிரி போடுங்க, வேற யாராவது 60 போட்டிருந்தா சமம் ஆகி முதல்ல போட்டவருக்கு போயிடும், அந்த சில்லற தான் உங்கள காப்பாத்தும்.

லேட்டா போடுறதுல பழைய சாமான் வாங்கறவங்களுக்கு வேற ஒரு லாபமும் கீது. சீக்கிரமே பிட் விழுந்துடுச்சுன்னா, அப்போ இது நல்ல பீஸ் தான்னு மத்தவங்களும் வந்துடுவாங்க. நீங்க அமைதியா இருந்தா உங்க ஆர்வம் வெளில தெரியாது.

60ல ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேத்தீங்களா? சேக்கலன்னா கழிச்சுட்டு பிட்ட முடிவு பண்ணுங்க. கண்ணாடிக்குள்ள பூஞ்சை இருக்கா, அபெர்ச்சர் பிளேடுல (வெளிச்சத்த கூட்டி குறைக்கற தகடுங்க) எண்ணெய் படிஞ்சிருக்கான்னு விக்கறவர் கிட்ட இன்னைக்கே மெசேஜ் போட்டு வெளிச்சத்துல புடிச்ச போட்டோ கேளுங்க, கடைசி நாள் கேட்டா பதில் வராது.