ஹிமாலயன் 411: முப்பதாயிரத்துக்குள் சைலன்சர், ஏர் ஃபில்டர், ட்யூனிங் – எதிலிருந்து ஆரம்பிப்பது?

வேளச்சேரி_411

வணக்கம் நண்பர்களே. வண்டி 2021 மாடல் பிஎஸ்6 (புகை விதி) ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், மீட்டரில் 31,000 கிமீ. ஓட்டம் பெரும்பாலும் டூரிங்தான்: ஜவ்வாது மலை, ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை பக்கம். பின்னாடி ஆள், ரெண்டு பக்கமும் பை, மேலே ஒரு பாக்ஸ்.

ரெண்டு இடத்துல குறை தெரியுது. ஜிஎஸ்டி ரோட்டுல அஞ்சாவது கியர்ல 80-ல போகும்போது லாரியை ஓவர்டேக் பண்ண முறுக்கினா இழுவை வர ரொம்ப நேரம் எடுக்குது. மலையில ஃபுல் லோடோட கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல திணறுது. டாப் ஸ்பீடு எனக்கு வேண்டாம். பட்ஜெட் முப்பதாயிரம்.

யோசிச்சிருக்கிறது: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஏர் பாக்ஸைக் கழட்டிட்டு கூம்பு ஃபில்டர், ஒரு ஃபியூயல் கன்ட்ரோலர் (பெட்ரோல் அளவை மாத்துற பெட்டி). புதுப்பேட்டை பட்டறையில பெண்ட் பைப்பை (இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற குழாய்) வெட்டி உள்ள இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தம் பண்ற பகுதி) எடுத்துட்டா இன்னும் நல்லா இழுக்கும்னு சொல்றாங்க. எது முதல்ல, எது தேவையே இல்ல?

பெண்ட்பைப்

உங்க குறை ரெண்டுமே நடு ஆர்பிஎம் இழுவை சம்பந்தப்பட்டது. இந்த இன்ஜின் 24.3 ஹெச்பி, 6,500-ல. 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000–4,500-க்குள்ள வந்துடும். போர் 78 எம்எம், ஸ்ட்ரோக் 86 எம்எம், அதாவது நீள ஸ்ட்ரோக், கீழ இழுக்கிறதுக்குன்னே செஞ்சது. சைலன்சர், ஃபில்டர் மாத்தறதுல கிடைக்கிற லாபம் பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்ல, அதுவும் ஒன்று, ஒன்றரை ஹெச்பி வந்தாலே பெரிசு. 4,000-ல அதை நீங்க உணரவே மாட்டீங்க. சத்தம் கூடுறதால வேகமும் கூடின மாதிரி தோணும், அவ்வளவுதான்.

பணத்தைத் தொடறதுக்கு முன்னாடி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வாங்க. 31,000-ல இதையெல்லாம் பார்த்தே ஆகணும்:

டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற கைக்கும் நடுவுல உள்ள இடைவெளி. இன்ஜின் முழுசா ஆறின பிறகு, ராத்திரி நிறுத்தி காலையில, ஃபீலர் கேஜ் வெச்சு சர்வீஸ் மேனுவல்ல உள்ள அளவுக்கு செட் பண்ணணும். எக்ஸாஸ்ட் வால்வு இறுகிப்போயிருந்தா சூட்டுல முழுசா மூடாது. கம்ப்ரெஷன் கசியும், வால்வு விளிம்பு கருகும். சத்தம் வர்ற டேப்பட்டை விட சத்தமே இல்லாத டேப்பட் ஆபத்து.

த்ராட்டில் பாடியில கரி, பிளக் கேப், ஃபில்டர்ல தூசி. அப்புறம் ரெண்டு வீலையும் தூக்கிக் கையால சுத்திப் பாருங்க. பின் பிரேக் பேட் ஒட்டிக்கிட்டு இருந்தா எந்த சைலன்சரும் உதவாது. செயின் விறைப்பா இருக்கா, டயர்ல காத்து லோடுக்குத் தகுந்த மாதிரி இருக்கான்னும் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் இழுவை பத்தலன்னா, முதல்ல வாங்க வேண்டியது முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்). கம்பெனில வர்றது முன்னாடி 15 பல், பின்னாடி 38. விகிதம் 2.53. முன்னாடி 14 போட்டா 2.71. எல்லா கியர்லயும் பின் சக்கரத்துக்குப் போற டார்க் சுமார் 7 சதவீதம் கூடும். சைலன்சர், ஃபில்டர், ட்யூனிங் மூணும் சேர்ந்தாலும் நடு ஆர்பிஎம்ல இவ்வளவு வர்றது கஷ்டம். செலவோ மொத்த பட்ஜெட்டுல ஒரு துளி.

இதுக்கு விலையும் உண்டு. அதே வேகத்துல ஆர்பிஎம் 7 சதவீதம் ஏறும்: 5,000-ல ஓடினது சுமார் 5,350-க்குப் போகும். ஹைவேல அதிர்வு கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். சின்ன ஸ்பிராக்கெட்ல செயின் கூர்மையா வளையறதால தேய்மானம் சீக்கிரம், ஸ்விங் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் கைடையும் அப்பப்போ பார்க்கணும். பழைய செயின்ல புது முன் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாட்டாதீங்க. நீண்டுபோன செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்னுடும். செயின் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தா கிட்டாவே (செயின், ரெண்டு ஸ்பிராக்கெட் சேர்ந்த செட்) மாத்துங்க.

டாப் ஸ்பீடு வேண்டாம்னு நீங்களே சொன்னதால இது உங்களுக்குப் பொருந்தும். சென்னை–பெங்களூருன்னு நேர் ரோட்டுலயே ஓட்டுறவங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

லாம்டா_தாம்பரம்

ஸ்பிராக்கெட் விஷயத்தில் முழுதாக உடன்படுகிறேன். மீதியைப் பார்ப்போம்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர்: தொடாதீர்கள். இந்த வண்டியில் அது பெண்ட் பைப் பகுதியில் இருக்கிறது, சைலன்சரில் இல்லை. அதனால் சைலன்சரை மட்டும் மாற்றினால் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) அப்படியே நிற்கும். பெண்ட் பைப்பை வெட்டினால் என்ன ஆகும்? பட்டறையில் கையில் கிடைத்த குழாயைச் சேர்ப்பார்கள். உள்விட்டம் பெரிதானால் புகையின் வேகம் குறையும், சிலிண்டரிலிருந்து பழைய புகையை இழுத்து வெளியேற்றும் அந்த உறிஞ்சல் கீழ் ஆர்பிஎம்மில் பலவீனமாகும். நீங்கள் தேடும் 3,500–4,500 பகுதியில்தான் நஷ்டம் வரும். புகையளவும் பிஎஸ்6 வரம்பைத் தாண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிமீறலுக்கு 190(2): முதல் முறை 10,000 வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு தயாரிப்பு நிலையில் உள்ள சத்த வரம்பு 80 டெசிபல். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், கிளெய்ம் நேரத்தில் கேள்வியாக வரும். சைலன்சர் மாற்றுவதா என்பதை இதையெல்லாம் எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். என் கணக்கில், உங்கள் தேவைக்கு அது கட்டாயமில்லை. எடை குறையும், பின்பக்கப் பை வைக்க இடம் கிடைக்கும், அவைதான் நியாயமான காரணங்கள்.

கூம்பு ஃபில்டர்: வேண்டவே வேண்டாம். ஏர் பாக்ஸ் என்பது வெறும் பெட்டி இல்லை. ஒற்றை சிலிண்டர் விட்டு விட்டு மூச்சிழுக்கும். அந்தத் துடிப்பைச் சமன்செய்து கீழ் ஆர்பிஎம்மில் காற்று நிரம்ப உதவுவது அந்தக் கொள்ளளவும் அதன் மூக்குக் குழாயும்தான். இரண்டாவது, திறந்த ஃபில்டர் இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றை உறிஞ்சும். காற்று 35-லிருந்து 45 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. அவ்வளவு காற்று, அவ்வளவு பலம் கையை விட்டுப் போகும். சென்னை மே மாதத்தில் டிராஃபிக்கில் வித்தியாசம் இதைவிட அதிகமாகவே இருக்கும். மூன்றாவது நவம்பர் மழை: முழங்கால் அளவு தண்ணீரில் தெறிப்பது நேரே உள்ளே போகும். தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஏர் பாக்ஸ் மூடியில் துளை போடுவதும் இதே வகைதான்.

ஃபில்டர் மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரிஜினல் பெட்டிக்குள் உட்காரும் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போடலாம். கழுவிக் கழுவிப் பயன்படுத்துவதால் நீண்ட கால மிச்சம். ஆனால் தூசியைத் தடுப்பதில் பேப்பர் ஃபில்டர் ஒரு படி மேல். மண் ரோடு அதிகம் ஓட்டினால் பேப்பரே போதும், அதைக் காலத்தில் மாற்றுங்கள். காட்டனைக் கழுவினால் நிழலில் முழுக்கக் காய வைத்து, மடிப்பு மடிப்பாக மெல்லிய எண்ணெய். சொட்டச் சொட்ட ஊற்றினால் காற்று போகாது. ரப்பர் விளிம்பு பெட்டியில் சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், அங்கே இடைவெளி இருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

வேளச்சேரி_411

தெளிவா சொன்னீங்க, நன்றி அண்ணே. கூம்பு ஃபில்டர், கன்வர்ட்டர் வெட்டுறது ரெண்டையும் விட்டுட்டேன். ஆனா சைலன்சர் மட்டும் எடை குறைவா ஒன்னு போட ஆசை, பை இடிக்குது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பார்த்தா எல்லாமே ஸ்டெயின்லெஸ்னுதான் சொல்றாங்க, எப்படித் தெரிஞ்சுக்கிறது? மாட்டின பிறகு ஆக்சிலரேட்டர் விட்டா படபடன்னு வெடிக்கும்னு சொல்றாங்களே, அதுக்குத்தான் ஃபியூயல் கன்ட்ரோலரா? 2,000–3,000-க்கு சின்னதா ஒரு சென்சார் பிளக் விக்கிறாங்க, அது போதுமா?

பெண்ட்பைப்

காந்தம் எடுத்துட்டுப் போங்க. 304 கிரேடுன்னா கிட்டத்தட்ட ஒட்டாது (வளைச்ச இடத்துல லேசா இழுக்கலாம்). 409 நல்லா ஒட்டும். அதுவும் எக்ஸாஸ்ட்டுக்குன்னே உள்ள ஸ்டெயின்லெஸ்தான், ஆனா மேல்தோல் துருப் பிடிக்கும், ஈசிஆர் உப்புக் காத்துக்கு சீக்கிரமே. மைல்ட் ஸ்டீல் மேல கருப்பு பெயின்ட் அடிச்சதும் ஒட்டும், அதை வாங்காதீங்க. வெல்டிங்கை உள் பக்கமும் டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள கருகி முடிச்சு முடிச்சா இருந்தா அந்த இடம்தான் முதல்ல விரியும். டிபி கில்லர் (வாயில சொருகுற, சத்தம் குறைக்கிற சின்னக் குழாய்) போல்ட் போட்டுக் கழட்டுற மாதிரி இருக்கணும், அதை மாட்டியே ஓட்டுங்க. ரிவெட் அடிச்ச மூடி இருந்தா பின்னாடி கிளாஸ் வுல் கரைஞ்சதும் மாத்திக்கலாம், முழுசா வெல்ட் பண்ணினதுல முடியாது.

மாட்டுற முறை முக்கியம், பாதி கசிவு இங்கதான் பிறக்குது. முந்தின ராத்திரியே ஜாயின்ட்டுல துரு நீக்கி ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. ஹெட்டுல இருக்கிற ஸ்டட் நட்டுகளை எதுக்காகவும் தொடாதீங்க. சைலன்சர் மட்டும் மாத்த அது தேவையில்லை, அலுமினிய ஹெட்டுக்குள்ள ஸ்டட் முறிஞ்சா செலவு சைலன்சர் விலைக்கு வந்துடும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு. சைலன்சரைச் சொருகி, கிளாம்ப், பிராக்கெட் எல்லாத்தையும் கையால மட்டும் திருகி, தானா உட்கார விடணும். பிறகு முதல்ல கிளாம்ப், கடைசியா பிராக்கெட். பிராக்கெட்டை முதல்ல முறுக்கிட்டு பைப்பை இழுத்துச் சேர்த்தா அந்த விறைப்பு அதிர்வோட சேர்ந்து கொஞ்ச நாள்ல பிராக்கெட்டை விரிய வைக்கும். ஒரு சூடு ஏறி ஆறினதும் மறுபடி டைட் பண்ணுங்க.

லாம்டா_தாம்பரம்

வெடிச் சத்தத்துக்கு ட்யூனிங் வாங்கும் முன் கசிவைத் தேடுங்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் பைப்பில் அழுத்தம் மாறி மாறி வரும். ஜாயின்ட் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து சூட்டில் வெடிக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, தடித்த ஈரத் துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி பாதி மூடுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. கரும்புகைக் கோடு படிந்த இடமும் அதையே காட்டும். சென்சாருக்கு முன்னால் கசிந்தால் இன்னொரு தொல்லை: சென்சார் வெளிக்காற்றையும் சேர்த்துப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று இசியூவிடம் (இன்ஜினை நடத்தும் கணினி) சொல்லும், அது தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும்.

அந்தச் சின்ன பிளக் செய்வது ஒன்றே ஒன்று. இன்டேக் காற்றின் வெப்ப சென்சார் வயரில் ரெசிஸ்டன்ஸ் சேர்த்து, காற்று உண்மையைவிட சுமார் 20 டிகிரி குளிராக இருப்பதாக இசியூவை நம்ப வைக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம் என்பதால் இசியூ 6–7 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தரும். ஆனால் சீராக ஓட்டும்போது இசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், கூட்டியதைத் தானே குறைத்துவிடும். முழு த்ராட்டில் போன்ற, சென்சாரைப் பார்க்காத பகுதியில் மட்டும் மிச்சம். அங்கே உங்கள் வண்டிக்கு அது தேவையா என்பது அளக்காமல் தெரியாது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் மாட்டும் வகையைக் கிட்டவே சேர்க்காதீர்கள்.

அளப்பதற்கு: டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓட்டி பலத்தை அளக்கும் கருவி) வைட்பேண்ட் சென்சாரோடு (காற்று-பெட்ரோல் கலவையைத் துல்லியமாக அளப்பது) ஒரு ரன். சைலன்சர் மாற்றும் முன் ஒன்று, பின் ஒன்று, அதே டைனோ, முடிந்தால் அதே நாள். வேறு வேறு டைனோ எண்களை ஒப்பிட்டால் அர்த்தமில்லை. லாம்டா அளவில் கேளுங்கள்: 1 என்றால் கலவை சரியான விகிதம், அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம், மேலே பெட்ரோல் குறைவு. ஏர்-ஃபியூயல் எண்ணில் பேசினால் குழம்பும்: சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்பது இப்போது பங்கில் கிடைக்கும் ஈ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) சுமார் 13.5. லாம்டா 1 என்பது எதற்கும் 1-தான். முழு த்ராட்டிலில் 0.87–0.90 இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். 0.95-ஐத் தாண்டினால், காற்றாலும் எண்ணெயாலும் ஆறும் இந்த இன்ஜினுக்கு மலை ஏற்றத்தில் சூடு கூடும், நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரலாம்; அப்போது ஃபியூயல் கன்ட்ரோலருக்குப் பணம் கொடுப்பது நியாயம். இன்ஜெக்டர் வயரில் இடையே மாட்டுவது, த்ராட்டில் அளவுக்கும் ஆர்பிஎம்முக்கும் தனித்தனி மேப் (பெட்ரோல் அளவு அட்டவணை) உள்ளது வேண்டும். அது இசியூ தரும் பல்ஸை சதவீதமாகக் கூட்டுவதால் ஊட்டி உயரத்துக்குப் போனாலும் மேப் மாற்ற வேண்டியதில்லை, உயரத்துக்கான கணக்கை இசியூ தன் பிரஷர் சென்சாரை வைத்து முன்பே போட்டிருக்கும். 0.82-க்குக் கீழே இறக்கிவிடும் ஆட்களிடம் கவனம். பிளக் கருக்கும், பெட்ரோல் எண்ணெயில் இறங்கும், கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெடும்.

டைனோ வேண்டாமென்றால் ஸ்பிராக்கெட் மாற்றும் முன்னும் பின்னும், அதே லோடு, காலியான நேர் ரோடு, அஞ்சாவது கியரில் 60-லிருந்து 90 வர எத்தனை நொடி என்று ஜிபிஎஸ் ஆப்பில் எடுங்கள். காற்றின் திசை ஏமாற்றும், அதனால் போகும் திசை, வரும் திசை இரண்டிலும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

பெண்ட்பைப்

பணத்தைப் பிரிக்கிறதா இருந்தா: சர்வீஸ், டேப்பட், பிளக், ஃபில்டருக்கு நாலாயிரம். செயின் கிட்டும் 14 பல்லும் சேர்த்து ஆறாயிரம் ஒதுக்குங்க. இது ரெண்டையும் முடிச்சு ஒரு மலை ஏறிப் பார்த்துட்டு, அப்பவும் வேணும்னு தோணினா மட்டும் சைலன்சர். கன்ட்ரோலருக்கு வெச்சிருக்கிற பணத்தை லாம்டா எண் கைக்கு வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. பை இடிக்கிறதுதான் தொந்தரவுன்னா, முதல்ல பை ஸ்டேயை ரெண்டு இன்ச் வெளிய தள்ளி வெல்ட் பண்ண முடியுமான்னு பாருங்க. சைலன்சருக்கு ஹீட் ஷீல்டு இருக்கணும், பைக்கும் அதுக்கும் நடுவுல கை போற இடைவெளி இருக்கணும்.