ஆடி மழையில் கர்பெட் பாயின்ட் ஏறலாமா? முட்டி ஆபரேஷன் ஆனவன் ஒருத்தனும் கூட வர்றான்

செம்பூர்_நெல்லையான் | செவ்வாய், இரவு 11.20

வணக்கம் மக்கா. பம்பாய் செம்பூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல நான் ஏறின மலைன்னா, லோனாவலாவுக்கு கார்ல போய் மக்காச்சோளம் தின்னுட்டு வந்ததுதான். அதை மலைன்னு சொன்னா என் பொண்ணே சிரிப்பா.

இப்ப விஷயம் என்னன்னா, காலேஜ் கூட்டாளிங்க நாலு பேர் வர்ற வெள்ளிக்கிழமை வர்றானுக. ரெண்டு பேர் சென்னையில இருந்து, ஒருத்தன் புனேயில இருந்து, இன்னொருத்தன் இங்கேயே முலுண்ட்ல இருக்கான். எல்லாருக்கும் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு வயசு. சனிக்கிழமை மாத்தேரான் மலைக்குப் போய் ராத்திரி தங்கி ஞாயிறு திரும்பறதா பேச்சு. வாட்சப் குரூப்ல புனேக்காரன் ஒரு வீடியோவைப் போட்டு விட்டுட்டான். பிவ்புரி ரோடு ஸ்டேஷன்ல இறங்கி, அணைக்கட்டு ஓரமா நடந்து, கர்பெட் மேடு ஏறி, அப்படியே மாத்தேரானுக்குள்ள போற பாதை. பச்சைப் பசேல்னு இருக்கு, மேகம் காலுக்குக் கீழ போகுது. எல்லாவனும் 'இதான்டா, இதான்டா'ங்கறான்.

எனக்குத்தான் வயித்தைக் கலக்குது. சென்னைக்காரன் ஒருத்தனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி முட்டியில ஜவ்வு ஆபரேஷன். கேட்டா 'ஏறும்போது வலிக்காதுடா'ங்கறான். இன்னொருத்தன் 96 கிலோ. நான் தினமும் குர்லா ஸ்டேஷன் படி ஏறி இறங்கறதோட சரி. ஆடி மாசம் வேற, மழை விடாமக் கொட்டுது. போனவங்க யாராவது சொல்லுங்க: ஏறலாமா, இல்ல பேசாம நேரல் ஸ்டேஷன்ல டாக்ஸி பிடிச்சு தஸ்தூரி (மேல வண்டி போற கடைசி இடம்) போயிடலாமா? எத்தனை மணி நேரம் ஆகும்? என்ன செருப்பு போடணும்? கைடு வேணுமா?

இன்னொரு சந்தேகம். மாத்தேரான் போற டாய் டிரெயின் மழையில ஓடுமா ஓடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சயான்_சிங்கம் | புதன், காலை 7.05

கர்பெட்லாம் குழந்தைங்க ஏறுறது பாஸ். ஃப்ரெண்ட்ஸ் அவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்கன்னா கல்சுபாய் கூட்டிட்டுப் போங்க. 1,646 மீட்டர், மகாராஷ்டிராவுலயே உசரம். ராத்திரி ஏறி மேல சூரியோதயம் பாக்கலாம். இரும்பு ஏணி இருக்கு, செம த்ரில்.

டோம்பிவலி_லோக்கல் | புதன், இரவு 9.50

சிங்கம், ஆடி மழையில எந்த சூரியன்யா உதிக்குது? முட்டி ஆபரேஷன் பண்ணினவனை நனைஞ்ச இரும்பு ஏணியில ஏத்தச் சொல்றியே, நல்லா இருப்பே.

நெல்லைத் தம்பி, நீ கேட்டதுக்கு வர்றேன். நான் டோம்பிவலியில இருபத்தெட்டு வருஷம். கர்பெட் பதினோரு தடவை ஏறியிருக்கேன், அதுல ஏழு தடவை மழைக்காலம். ரெண்டு தடவை பாதியில திரும்பி வந்திருக்கேன். அந்த ரெண்டு தடவையும் சேத்துத்தான் பதினொண்ணு.

முதல்ல உயரத்தைப் பத்தி. நம்ம ஊர்க்காரங்க மாத்தேரானைக் கேட்டா உதட்டைப் பிதுக்குவாங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர், ஏற்காடு 1,500, இது வெறும் 800, இதெல்லாம் மலையான்னு. சரிதான். ஆனா கொடைக்கானலுக்கு நீ பஸ்ல தூங்கிக்கிட்டே போறே. பிவ்புரி ஸ்டேஷன் கிட்டத்தட்ட கடல் மட்டத்துல கிடக்கு. அங்கேருந்து மொத்த உயரத்தையும் உன் தொடைதான் தூக்கணும். பழக்கம் இல்லாத ஆளுக்கு நின்னு நின்னு போனா அஞ்சு மணி நேரம். மேல போனப்புறம் தஸ்தூரிக்கோ பஜாருக்கோ இன்னும் நடை இருக்கு, அதை யாரும் வீடியோவுல காட்ட மாட்டான்.

ஏத்தம் பெரிய விஷயம் இல்ல. பயப்பட வேண்டியது ஓடைக்கு. சஹ்யாத்ரி முழுக்க கருங்கல் பாறை, அது தண்ணி குடிக்காது. மேல ஒரு மணி நேரம் ஓங்கிப் பெஞ்சா, மொத்தமும் வழிஞ்சு கீழ ஓடைக்குத்தான் வரும். காலையில கணுக்கால் அளவு இருந்த ஓடை, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இடுப்புக்கு வந்துடும். நீ நிக்கற இடத்துல தூறல்கூட இருக்காது. வருஷா வருஷம் கர்ஜத் பக்கம் ஆளுங்க அடிச்சிட்டுப் போறது இப்படித்தான், அதுவும் நிறைய இளவட்டப் பசங்க. அதனாலதான் ராய்கட் கலெக்டர் அப்பப்ப அருவிப் பக்கம் போகத் தடை போடுறாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் அதைப் பாத்துக்க. தடைன்னா தடைதான். வானிலை மையம் ராய்கட்டுக்கு ஆரஞ்சு, ரெட் போட்டிருந்தா வீட்டுல பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்க.

தண்ணி கலங்கிச் செவப்பா வந்தா கால் வைக்காதே. முட்டிக்கு மேல இருந்தாலும் வைக்காதே. அணைக்கரை தாண்டினா ஆதிவாசி வாடி (குக்கிராமம்) வரும். தாக்கர், காத்கரி சனங்க. கைடு அங்கேயே கிடைப்பாங்க, கட்டாயம் ஒருத்தரைக் கூட்டிக்க. பேரம் பேசாதே. அவங்க ஒரு தடவை தண்ணியைப் பாத்துட்டுச் சொல்றதை உன் போன் நூறு தடவை சொன்னாலும் ஈடாகாது. மேட்டுமேல மேகம் இறங்கிச்சுன்னா பத்தடி தள்ளி நிக்கறவன் தெரிய மாட்டான், ஓரத்துல செங்குத்தா பள்ளம். அங்கேயும் அந்த ஆள்தான் வேணும்.

பிடிமானத்துக்குக் கார்விச் செடியைப் பிடி, குச்சி குச்சியா பாதை ஓரம் பூரா நிக்கும். வாடியில குடிசைச் சுவரே அதை வெச்சுத்தான் கட்டி மண்ணு பூசுவாங்க. நம்ம குறிஞ்சிக்கு அது பங்காளி முறை. குறிஞ்சி பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்னா இது ஏழு எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பூத்த வருஷம் ஒரு தடவை போனேன், அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்றேன்.

செருப்பு கிருப்பு வேண்டாம். ஓட்டப்பந்தய ஷூவும் வேண்டாம், பாசி பிடிச்ச பாறையில அது சோப்புக்கட்டி. இங்க மலையேறிகள் பாதிப் பேர் ஆக்‌ஷன் டிரெக்கிங் ஷூதான் போடுறாங்க, விலையும் கம்மி, பிடியும் நல்லா இருக்கும். புதுசா வாங்கினா நாலு நாள் வீட்டுல போட்டு நட. குடை வேண்டாம், ரெண்டு கையும் காலியா இருக்கணும். ஜீன்ஸ் நனைஞ்சா அதுவே ரெண்டு கிலோ.

முட்டிக்காரருக்கு: அவர் சொல்றது நிஜம், ஏறும்போது வலிக்காது. இறங்கும்போதுதான் முட்டி கணக்குக் கேக்கும். பாதி தூரம் ஏறி ஓடையாலயோ மேகத்தாலயோ திரும்ப வேண்டி வந்தா, அவர் இறங்கியாகணும். அதனால என் யோசனை: அவரும் அந்த 96 கிலோவும் எல்லார் பையையும் எடுத்துக்கிட்டு நேரல்ல டாக்ஸி பிடிச்சு தஸ்தூரி போகட்டும். மத்த மூணு பேரும் ஏறுங்க. மேல ஒண்ணு சேருங்க.

டாய் டிரெயின்: நேரல்லேருந்து மேல போற 21 கிலோமீட்டர் மழைக்காலத்துல மூடிடுவாங்க, மழை முடிஞ்சப்புறம்தான் திறப்பாங்க. அமன் லாட்ஜ் (தஸ்தூரி பக்கத்து ஸ்டேஷன்) – மாத்தேரான் குட்டி ஷட்டில் மட்டும் மழையிலயும் ஓடும். 1907ல போட்ட ரெண்டடி அகலப் பாதை அது. 2005 ஜூலை வெள்ளத்துல அடிச்சிட்டுப் போய் 2007லதான் திரும்ப வந்துச்சு. அப்புறம் 2019 மழையில மறுபடி போய், 2022 அக்டோபர்லதான் முழுசா ஓடிச்சு. ரயிலையே மழை மூணு வருஷம் உக்கார வெச்சிருக்கு, பாத்துக்க.

செம்பூர்_நெல்லையான் | புதன், இரவு 11.10

அண்ணே, கும்பிடுறேன். ஆனா பிரிஞ்சு போறதுதான் மனசுக்கு ஒப்பல. பதினாறு வருஷம் கழிச்சு அஞ்சு பேரும் ஒண்ணா சேர்றோம், ரெண்டு பேரை டாக்ஸியில அனுப்பிட்டு என்ன டிரிப்பு? முட்டிக்காரன் கேட்டா கோவப்படுவான்.

மாட்டுங்கா_மாமி | வியாழன், காலை 10.30

கோவப்படட்டுமே. நான் என் மாமியாரை (எழுபத்தி ஒண்ணு) கூட்டிண்டு போனேன், தஸ்தூரி வழியா. அதுக்கு மேல வண்டி விடமாட்டா, மோட்டார் வண்டியே கூடாத ஊர். குதிரை இருக்கு, இப்போ கொஞ்சம் இ-ரிக்‌ஷாவும் இருக்கு. மாமியார் எதுலயும் ஏறாம தண்டவாளத்தை ஒட்டியே பஜார் வரைக்கும் நடந்துட்டார். செம்மண் பாதை, ரெண்டு பக்கமும் மரம், அலுக்கவே அலுக்காது. ஷார்லட் ஏரி மழையில ததும்பிண்டு நிக்கும். டாக்ஸியில போறவாளுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

குரங்கு ஜாக்கிரதை. கையில சிப்ஸ் பாக்கெட்டோட தெரிஞ்சேள்னா அவ்வளவுதான். என் கைப்பையையே ஒண்ணு தூக்கிண்டு ஓடித்து, அதுக்குள்ள இருந்தது மாமியாரோட பிரஷர் மாத்திரை.

ஞாயித்துக்கிழமை திரும்பறேள்னா மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக லோக்கலை நிறுத்தறது) பார்த்துக்கோங்கோ. மத்தியானம் நேரல் பிளாட்பாரத்துல நனைஞ்ச துணியோட ஒன்றரை மணி நேரம் நின்ன அனுபவம் எனக்கு இருக்கு.

டோம்பிவலி_லோக்கல் | வியாழன், இரவு 8.15

மாமி சொன்னது நூத்துக்கு நூறு. தம்பி, புனேக்காரர் பம்பாய் வரைக்கும் வர வேண்டாம். கர்ஜத்துல நிக்கற எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கி, பம்பாய் லோக்கல் பிடிச்சா அடுத்த ஸ்டேஷனே பிவ்புரி. நீங்க குர்லாவுல விடியறதுக்குள்ள கர்ஜத் லோக்கல் பிடிங்க. ஏழரை மணிக்குள்ள நடக்க ஆரம்பிக்கலேன்னா ஏறாதீங்க. முட்டிக்காரர் கோவத்தை மேல போய்ப் பேசித் தீத்துக்கலாம்.

செம்பூர்_நெல்லையான் | திங்கள், இரவு 10.05

அண்ணே, மாமி, எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பிரிஞ்சு போற யோசனையைச் சொன்னேன். நீங்க நெனச்ச மாதிரியே முட்டிக்காரன் முகத்தைத் தூக்கிட்டான். 'என்னைப் பொட்டி தூக்கத்தான் கூப்பிட்டியா'ன்னு கேட்டான். 96 கிலோ மட்டும் உடனே சரின்னுட்டான், அவனுக்கு உள்ளூர சந்தோஷம்.

சனிக்கிழமை மூணு பேர் பிவ்புரியில இறங்கினோம். தூறல்தான். அணைக்கரை வரைக்கும் வயல், நாத்து நட்டுட்டிருந்தாங்க, முலுண்ட்காரன் 'நம்ம ஊர் மாதிரியே இருக்குடா'ன்னு நின்னு நின்னு போட்டோ எடுத்தான். அதுலயே அரை மணி நேரம் போச்சு. வாடியில ஒரு அக்கா வீட்டுல டீ. அவங்க வீட்டுப் பெரியவரே கைடா வர்றேன்னார், அறுபது வயசு இருக்கும், பிளாஸ்டிக் சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு ரப்பர் செருப்போட கிளம்பிட்டார். (அண்ணே, அவர் போட்டிருந்தது செருப்புதான். சும்மா சொன்னேன்.)

ஓடைக்கு வந்தோம். முட்டிக்குக் கீழதான் தண்ணி. ஆனா செவப்பு. பெரியவர் ஒரு குச்சியை நட்டு வெச்சிட்டு பீடி பத்த வெச்சார். நாங்களும் நின்னோம். பீடி முடியறதுக்குள்ள குச்சி பாதி முங்கிடுச்சு. எங்க தலைக்கு மேல மழையே இல்லண்ணே, சத்தியமா. 'பாணி வாட்லய், ஜாவூ நகா'ன்னார். தண்ணி ஏறுது, போகாதீங்கன்னு. புனேக்காரன் 'கையைக் கோத்துக்கிட்டு ஒரே தாண்டா தாண்டிடலாம்டா'ன்னு ஆரம்பிச்சான். எனக்கு நீங்க எழுதினதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பாத்தோம். குச்சியே காணும்.

திரும்பிட்டோம். பெரியவருக்கு முழுக் காசும் கொடுத்தேன், பாதிதான் வாங்குவேன்னு அடம் பிடிச்சார், அந்த அக்காகிட்ட கொடுத்துட்டு வந்தேன். புனேக்காரன் ஸ்டேஷன் வரைக்கும் பேசல. ஒரு ஸ்டேஷன் தள்ளி நேரல், அங்கேருந்து டாக்ஸி. மூணு பேரும் தலை முதல் கால் வரைக்கும் சேறு, டிரைவர் சீட்டுல பேப்பர் விரிச்சுத்தான் ஏத்தினார்.

தஸ்தூரியில முட்டிக்காரன் இல்ல. போன் பண்ணினா எடுக்கல. தேடிப் பிடிச்சா, ஷார்லட் ஏரிக்கரையில ரெண்டு பேரும் வடாபாவ் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கானுக. காலையில இருந்து மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் நடந்திருக்கான், போன்ல காட்டினான். நாங்க ஏழரை. 'மலை எப்படிடா இருந்துச்சு'ன்னு கேட்டான். புனேக்காரன் அப்பத்தான் வாயைத் திறந்தான், எழுத முடியாது.

ராத்திரி அஞ்சு பேரும் ஒரே ரூம்ல. கரண்ட் போயிடுச்சு. மூணு மணி வரைக்கும் பேசினோம்.

டோம்பிவலி_லோக்கல் | திங்கள், இரவு 10.40

பன்னெண்டாவது தடவைக்கு நான் நவம்பர்ல போறேன். மழை முடிஞ்சிருக்கும், ஓடை கணுக்கால்கூட இருக்காது. குச்சி நட்ட பெரியவர் வீடு எதுன்னு மட்டும் சொல்லு, அவரையே கூப்பிட்டுக்கறேன். வேணும்னா நீயும் வா. ஷூவுக்குள்ள செய்தித்தாளைத் திணிச்சு வை, இல்லேன்னா வியாழக்கிழமைக்குள்ள நாறிடும்.