ஒத்த தொழில்களுக்கு ஒத்த நிறம்: தொலைவை எப்படி அளப்பது?

கேள்வி:
வணக்கம். ஒரு கணக்கெடுப்பில் தொழில் என்ற கட்டத்தில் மக்கள் தம் சொற்களிலேயே எழுதியவற்றை வரைபடமாக்கிக்கொண்டிருக்கிறேன். தச்சர், ஆசாரி, கொத்தனார், தையல்காரர், தபால்காரர் என்று பல சொற்கள் உள்ளன. மென்பொருள் தானாக நிறம் தருவதால், நெருங்கிய தொழில்கள்கூட ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்று சிதறித் தெரிகின்றன. சொற்களுக்கிடையே லெவன்ஸ்டைன் தொலைவைக் கணக்கிட்டு, அதன்படி வரிசைப்படுத்தி, நிறவட்டத்தின் 0 முதல் 360 பாகை வரை பொருத்தலாமா?

பதில் 1:
அந்தத் தொலைவு, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவும் வேண்டும் என்பதை மட்டுமே எண்ணுகிறது. தையல்காரரும் தபால்காரரும் இரண்டே எழுத்துகளில் வேறுபடுவதால் ஏறத்தாழ ஒரே நிறம் பெறுவார்கள். ஓர் எழுத்துகூடப் பொதுவாக இல்லாத தச்சரும் ஆசாரியும் எதிரெதிர் நிறங்களுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்குத் தேவை பொருள் நெருக்கம். தமிழுக்குப் பயிற்சி பெற்ற மொழி மாதிரி ஒன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் திசையனை, அதாவது அதன் பொருளைக் குறிக்கும் எண்வரிசையைப் பெற்று, இரு திசையன்கள் எவ்வளவு ஒரே திசையை நோக்குகின்றன என்று காட்டும் கோசைன் ஒப்புமையைக் கணக்கிடுங்கள். எழுத்துத் தொலைவை எழுத்துப்பிழைகளை ஒன்றுசேர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் யூனிகோடு சீராக்கம், அதாவது ஒரே எழுத்தை எங்கும் ஒரே குறியீட்டு வடிவில் வைப்பது, கட்டாயம் வேண்டும்: ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாத இரண்டு ‘கொத்தனார்’களைக் கணினி வெவ்வேறு சொற்களாகவே எண்ணும்.

பதில் 2:
நிறப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறவட்டத்தில் 0 பாகையும் 360 பாகையும் ஒரே சிவப்பு என்பதால், உங்கள் வரிசையின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்தும், ஒரே நிறத்தில் வந்து நிற்கும். மேலும், பச்சைப் பகுதியில் 30 பாகை நகர்ந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாக மாற்றம் தெரியாது. மஞ்சளையொட்டி அதே 30 பாகை பெரிய மாற்றமாகத் தெரியும். ஆகவே, சொற்களின் தொலைவுகளை இயன்றவரை காக்கும் பல்பரிமாண அளவிடல் முறையில் அவற்றை ஒரு தளத்தில் புள்ளிகளாக்கி, அத்தளத்தை, கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டையொட்டி 1976-இல் வகுக்கப்பட்ட சீலேப் (CIELAB) நிறவெளியின் ஏ (பச்சை-சிவப்பு), பி (நீலம்-மஞ்சள்) அச்சுகளில் பொருத்துவதே சரியான வழி என்று கருதுகிறேன். ஒளிர்வை (கருப்பு 0, வெள்ளை 100) 45 அளவில் மாறாமல் வைத்தால் வெள்ளைப் பின்னணியில் எல்லாச் சொற்களும் தெளிவாகப் படிக்க வரும். திரை காட்ட இயலாத நிறங்கள் சில வரும். அவற்றை மட்டும் தனியே வெட்டாமல், தளம் முழுவதையும் ஒரே விகிதத்தில் சுருக்குங்கள், இல்லையேல் தொலைவுகள் குலைந்துவிடும்.

பதில் 3:
மேலே சொன்ன முறையை நானும் பரிந்துரைக்கிறேன். ஆயினும் ஒளிர்வு மாறாதபோது, சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு ஏ அச்சு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே மிகப் பெரிய வேறுபாட்டைத் தாங்கும் திசையை, நீலம்-மஞ்சளுக்குரிய பி அச்சில் வையுங்கள். கிடைக்கும் புள்ளிகளைத் தொலைவு மாறாமல் சுழற்றிக்கொள்ளலாம் என்பதால் இதற்குக் கூடுதல் கணக்கு எதுவும் தேவையில்லை.