கையேட்டில் ‘எண்ணற்ற தூண்கள்’ என்று போடலாமா?

கண்டனூரான்:
எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருவோருக்கான கையேட்டில் ஒரு வரி: “முகப்பிலும் வளவிலும் எண்ணற்ற பர்மா தேக்குத் தூண்கள், சுவரெங்கும் எண்ணற்ற சுண்ணாம்புச் சாந்து.” அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள், சரியா?

பள்ளத்தூர் ஆச்சி:
சாந்துக்கு அந்தச் சொல் ஆகாது தம்பி. ‘எத்தனை?’ என்று கேட்கக்கூடிய பொருளுக்குத்தான் எண்ணற்ற, எண்ணிறந்த. ‘எவ்வளவு?’ என்று கேட்பதற்கு அளவற்ற. சாந்தில் சேர்ந்த முட்டை எண்ணற்றது, சுண்ணாம்பு அளவற்றது. ஏராளம் என்றால் இரண்டுக்கும் பொருந்தும். தூண் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
தூணும் இருக்கக் கூடாது ஆச்சி. வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தை, ஒரு சுற்றுச் சுற்றினால் எண்ணி முடித்துவிடலாம். எண்ணி முடிகிற பொருளை எண்ணற்றது என்றால் அது பொய். பேரெண்ணுக்கே பெயர் வைத்த மொழி இது. பரிபாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று சொல்லிக் காலத்தை அளக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
வெள்ளம் என்று பெயர் வைத்ததே மலைப்பைச் சொல்லத்தானே! மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. காரைக்குடியில் ஆயிரம் சன்னல் வீடு. இவற்றைப் பொய் என்பீர்களா? எண்ணற்ற என்றால் எண்ணவே முடியாதது மட்டுமல்ல. எண்ணி மாளாதபடி மிகுந்திருப்பதும்தான்.

கணக்குப்பிள்ளை:
பெயர் வேறு, விவரம் வேறு. மண்டபத்துக்கு ஆயிரம் பெயராக நிற்கிறது. கையேடோ விவரம் சொல்ல வந்தது; படிப்பவர் தூணுக்கு எதிரிலேயே நிற்கிறார். ‘வரிசை வரிசையாக’ என்று எழுதுங்கள், கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்.

கோட்டையூர் புலவன்:
எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். ‘எண்ணற்ற தூண்கள்’, ‘எண்ணிலடங்காத தூண்கள்’ இரண்டிலும் வல்லினம் மிகாது. ‘எண்ணிலடங்கா’ என்று குறுக்கினால் கடைசி ‘த’ போய் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகும், அங்கே வல்லினம் மிகும்: ‘எண்ணிலடங்காத் தூண்கள்’. ‘கணக்கில்லாக் கதவுகள்’ என்பதும் அப்படியே. பெரும்பாலான பிழை இங்கேதான் வருகிறது, குறுக்கும்போது ஒற்றைப் போட மறந்துவிடுகிறார்கள். ‘எண்ணற்ற பல’ என்று அடுக்கவும் வேண்டாம். ‘பல’ அங்கே தண்டம்.

கண்டனூரான்:
இரண்டாம் பக்கத்தில் கட்டு (வீட்டின் பகுதி) வாரியாகத் தூண் எண்ணிக்கை கொடுத்திருக்கிறோமே?

பள்ளத்தூர் ஆச்சி:
அப்படியானால் முதல் பக்கத்தில் எடுத்துவிடு தம்பி, ஒன்றோடொன்று மோதும். எண்ணிக்கை தராத இடத்தில், வாசல் நிலையில் செதுக்கிய பூவுக்கும் கொடிக்கும் எண்ணற்ற என்றே நிற்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
அங்கும் வேண்டாம். என்ன பூ, என்ன கொடி என்று பெயர் சொல்லுங்கள்.