மெய்நிகர் மீட்டுருவாக்கமா, படியாக்கமா? – கலைச்சொல் வேண்டுகோள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இன்றும் நிலைத்திருக்கும் கட்டடம் ஒன்றை லேசர் கருவியாலும் ஒளிப்படங்களாலும் அளந்து, மெய்நிகர் (வி.ஆர்., virtual reality) கண்ணாடி அணிந்தவர் அதனுள் நடமாடும்படி கணினியில் அமைப்பதைப் பற்றிய பாடத்தை மொழிபெயர்த்து வருகிறேன். இச்செயலை 'மெய்நிகர் மீட்டுருவாக்கம்' என்று எழுதினேன். இடிந்துபோன கட்டடத்தைப் பற்றிய பாடம் என மாணவர் கருதிவிடுவார்கள் என்கிறார் பதிப்பாசிரியர். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, உதவுங்கள்.

மறுமொழி 1

பதிப்பாசிரியரின் ஐயம் நியாயமானது. பாரிசின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் அதனை லேசரால் அளந்து, 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் பதிவுசெய்திருந்தார். அவர் அளந்த நாளில் மீட்பதற்கென்று எதுவும் இல்லை.

தொல்காப்பிய உவமவியல் உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு ஆகிய நான்கைச் சொல்கிறது. மெய் என்பதற்கு வடிவு என்றும் உரு என்பதற்கு வண்ணம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். லேசர் தருவது மெய். ஒளிப்படம் தருவது உரு. முன்னதன்மேல் பின்னதைப் போர்த்துவதே இத்தொழில்நுட்பம். ஒப்புமை உணர்த்தும் உருபுகளுள் 'நிகர்ப்ப' என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆகவே, படி என்றால் நகல் என்ற பொருளில், 'மெய்யுருப் படியாக்கம்' என்பதை முன்மொழிகிறேன்.

மறுமொழி 2

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் வகுப்பில் நிற்காது. 'மெய்நிகர்' என்பதில் உள்ள மெய்யை உண்மை என்று படித்த மாணவர், அதே பாடத்தில் அதனை வடிவு என்று எப்படிக் கொள்வார்? மேலும், கட்டடத்தைப் பற்றிய பாடத்தில் 'படியாக்கம்' என்றால் மாடிப்படி கட்டுவதாகத்தான் முதலில் தோன்றும். 'மெய்நிகர் நகலாக்கம்' என்றால் எவருக்கும் விளங்கும்.

மறுமொழி 3

நகல் அரபு மூலச் சொல். அதை ஏற்பதாயினும், இங்கே நகல் எடுக்கப்படுவதே இல்லை என்பது என் முதன்மையான மறுப்பு. கண்ணாடிச் சன்னலையும் பளபளக்கும் தரையையும் லேசர் சரிவர அளப்பதில்லை. அவற்றை வரைகலைஞர் கையால் அமைக்கிறார். நொடிக்கு ஏறத்தாழ 90 படச்சட்டகங்கள் ஓட வேண்டிய வி.ஆர். கண்ணாடிக்கு அத்தனை புள்ளிகளும் சுமை என்பதால், வடிவத்தைப் பெரிதும் எளிமைப்படுத்தி, இழந்த நுணுக்கங்களை மேற்பரப்புப் படங்களில் ஏற்றுகிறார்கள். இது முழுக்க ஆக்கமே. 'மெய்நிகர் மீளாக்கம்' பொருந்தும். 'மீள்' என்பது இங்கே மறுபடியும் என்றே பொருள்படும், இழப்பைச் சுட்டாது. எச்சொல்லாயினும், மெய்நிகர் என்பதை வினைத்தொகையாகக் கொண்டு, அடுத்து வல்லினம் மிகாமல் 'மெய்நிகர் கட்டடம்' என்றே எழுதுங்கள்.

மறுமொழி 4

எல்லோருக்கும் விளங்குவதால் 'மெய்நிகர் மீளாக்கம்' என்பதற்கு என் இசைவு.

மறுமொழி 5

அனைவருக்கும் நன்றி. 'மெய்நிகர் மீளாக்கம்' என்றே அனுப்புகிறேன். அச்சொல் முதலில் வரும் இடத்தில் ஒருவரி விளக்கமும் தருகிறேன்.

மறுமொழி 6

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. அழிந்த கட்டடத்தைச் சான்றுகளிலிருந்து ஊகித்து அமைப்பதையும் நாளை இதே சொல்லால்தான் குறிப்பீர்கள். அளந்ததும் ஊகித்ததும் ஒன்றாகிவிடும். அடுத்த பதிப்பிலாவது நான் முதல் மறுமொழியில் முன்மொழிந்த 'மெய்யுரு' கருதப்பட வேண்டும்.