காலி மண்டபத்தில் சரியாகக் கேட்ட காலர் மைக், கூட்டம் வந்ததும் அறுந்து அறுந்து வருகிறது

நாடகக்குழு: எங்களிடம் நாலு வயர்லெஸ் காலர் மைக், எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். சாயங்காலம் 4 மணிக்குச் சோதித்தபோது ஒரு சொல் விழவில்லை. 7 மணிக்கு மண்டபம் நிரம்பியதும் பாதி வசனம் போயிற்று. ரிசீவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால், மிக்சர் பக்கத்தில் இருந்தன. டிரான்ஸ்மிட்டர் இடுப்பில், முதுகுப்புறம். புரியாத விஷயம், கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போதுதான் அறுகிறது, திரும்பி நின்றால் சரியாகிவிடுகிறது. அம்மா வேடம் போட்டவர் இரண்டு மாதம் பழகிய அழுகைக் கட்டம் யாருக்கும் கேட்கவில்லை, மனசு ஆறவே இல்லை.

மேடைஒலி: திரும்பினால் சரியாகிறது என்று சொன்னீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. நடிகர் கூட்டத்தைப் பார்த்து நிற்கும்போது டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் அவர் உடம்பே நிற்கிறது, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக விழுங்கும். அப்புறம் நாற்காலியில் இருக்கிற அத்தனை உடம்பும், அதே அலைவரிசையில் வைஃபை தேடும் அத்தனை போனும். புதுசு எதுவும் வாங்க வேண்டாம். ரிசீவர்களை மேடையின் பக்கத் திரைக்குக் கொண்டுபோய், ஆள் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டில் வையுங்கள். அங்கிருந்து மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள், அதாவது சாதாரண மூன்று முள் மைக் கேபிள், இழுத்தால் போதும்.

நாடகக்குழு: நன்றி சார், கேபிள் இருக்கிறது. சவுண்டு செட் அண்ணன் யுஹெச்எஃப் மைக் (2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடுவது) தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பழையகை: தாராளமாக. ஆனால் 520, 521, 522, 523 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவை கலந்து புது அலைகள் பிறக்கும். 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழித்தால் 522, அதாவது உங்கள் மூன்றாவது மைக்கின் மேலேயே போய் விழும். ரிசீவரில் குரூப் என்று இருக்கும், நாலு மைக்கையும் ஒரே குரூப்பில் உள்ள வெவ்வேறு சேனலில் போடுங்கள், கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

பச்சைஅறை: உடை மாற்றிவிடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள், ஏரியல் கம்பியைச் சுருட்டிப் புடவைக்குள் செருகிவிடுவார்கள். வியர்த்த தோலில் ஒட்டினாலே வீச்சு குறைந்துவிடும், நேராகத் தொங்க வேண்டும். எங்கள் குழுவில் சின்னத் துணிப்பை தைத்து இடுப்பில் கட்டுகிறோம். பேட்டரி ஒவ்வொரு காட்சிக்கும் புதுசு, பாதி இருக்கிறதே என்று பார்க்கவே கூடாது.

நாடகக்குழு: துணிப்பை இன்றே தைக்கக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபம், அதே கட்டம். இந்தத் தடவை ஆட்களை உட்கார வைத்தே சோதிக்கிறேன்.